ஆண்டியப்பனின் முறக் கார்

வண்டி நின்றதும் ஆண்டியப்பன் வாடகை கேட்பதில்லை; கதவைத் திறந்துவிடுவதும் இல்லை. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றிவந்து, பின் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோய்ப் புருவத்தைப் பார்க்கிறார். "கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க" என்று சொல்லி மற்றப் புருவத்தையும் பார்க்கிறார். இரண்டும் பார்த்து முடித்த பிறகுதான் கதவு திறக்கும். புதிதாக ஏறியவர்கள் இந்த ஆளுக்குக் கண் வைத்தியமும் தெரியுமோ என்று மிரண்டுபோவதுண்டு. வெளியூரிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், "என்னய்யா, என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது?" என்று சீறியதும் நடந்திருக்கிறது.

"புழுதி மொதல்ல உக்கார்ற எடம் புருவந்தாங்க. அங்க இல்லேன்னா வேற எங்கிட்டும் இல்லே" என்பது ஆண்டியப்பனின் சாஸ்திரம்.

ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் புளியமரத்தடியில் நிற்கும் வாடகைக் கார் அவருடையது. அமெரிக்காவில் பிறந்து, பட்டணத்தில் வாழ்ந்து, கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த வண்டி. மேலே மடக்கி விரிக்கும் கித்தான் டாப்பு. பக்கங்களில் கண்ணாடி கிடையாது. வெயிலைத் தாங்கும், தூறலைத் தாங்கும். புழுதியை மட்டும் தாங்காது. அந்தப் புழுதியோ சாமானியப்பட்டதல்ல. மீமிசலிலிருந்து அறந்தாங்கி வரைக்கும் வெள்ளைப் புழுதி, அதைத் தாண்டிச் சமஸ்தான எல்லைக்குள் நுழைந்துவிட்டால் செம்மண். வெள்ளைப் புழுதியில் வந்தவன் மாவு மில்லிலிருந்து வந்தவன்போல் இருப்பான். அவனே இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் சூளையிலிருந்து எடுத்த செங்கல்லாகிவிடுவான். இதில் வேடிக்கை, முன் ஆசனத்தில் இருப்பவருக்கு அவ்வளவாக ஒன்றும் ஆவதில்லை. காசு கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரே பின் ஆசனத்து மகராஜன், அவருக்குத்தான் அத்தனை அபிஷேகமும்.

ஆண்டியப்பன் ஆள் குட்டை. தலையில் எப்போதும் ஈரத்துண்டு. வாயில் வெற்றிலை போட்டபடியேதான் ஓட்டுவார். ஆனால் ஓடும் வண்டியிலிருந்து துப்பமாட்டார். "காத்து அதைப் பின்னால இருக்கவுங்க மூஞ்சிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று வண்டியை நிறுத்தித்தான் துப்புவார். காரின் டாப்பு ஓரத்திலும் மட்கார்டிலும் விளக்குத் தண்டிலும் கிழித்த வாழைநார் நறுக்குகள் கட்டித் தொங்கும். எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்பவர்களிடம், "கோயிலுக்கு இல்லீங்க, காத்துக்கு" என்பார். கேட்டவர் நகர்ந்துவிடுவார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு கல்யாணச் சவாரியில்தான். பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். காரில் முன்னும் பின்னும் பூச்சரம் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ஊர் எல்லையில் பெண் இறங்கியபோது, அடித்த புழுதியில் மஞ்சளும் மையும் வியர்வையும் கலந்து முகம் முகமாக இல்லை. எதிர்கொண்டு அழைக்க வந்தவர்களில் ஒருத்தி, "பொண்ணைக் காருல கொண்டாந்தாங்களா, களத்துல பொரட்டிக் கொண்டாந்தாங்களா?" என்று கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்தவள் அன்று முழுவதும் நிமிரவில்லை. அவள் வீட்டார்கூட அதை மறந்திருப்பார்கள். ஆண்டியப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் கையால் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்துவிட்டதாகவே நினைத்துக் குமைந்தார்.

அன்றைக்குத் திரும்பும்போதுதான் அந்தப் பூச்சரத்தைப் பார்த்தார். "கார் முன்னால போகுது. முன்னால கட்டுன பூ பின்னால பறக்குது; அது நியாயம். பின்னால கட்டுன பூவும் முன்னால பாத்துப் பறக்குதே, அது என்னங்க நியாயம்? பின்னால குந்திக்கிட்டு எவன் ஊதுறான்?" கேள்வி அவரை உலுக்கிவிட்டது. சரத்தை அவிழ்த்து அங்கே கட்டினார், இங்கே கட்டினார். பூ வாடியதும் வாழைநாருக்கு வந்தார். கடைசியில் அவருக்கு ஒன்று விளங்கியது. வண்டி காற்றைப் பிளந்துகொண்டு போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றில்லாத ஒரு பள்ளம் விழுகிறது. சக்கரம் கிளப்புகிற புழுதி அந்தப் பள்ளத்துக்குள் புரண்டு, பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மேலே போகிற நல்ல காற்றைப் பிடித்துக் கீழே தள்ளி அந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டால் தீர்ந்தது.

காற்றைப் பிடித்துத் தள்ளுவதற்கு வீட்டில் என்ன இருக்கும்? முறம்தான் இருக்கும்.

மனைவி மருதாயி வாங்கி வைத்திருந்த புது முறத்தைக் கொண்டுபோய் டாப்பின் பின்விளிம்பில், கொஞ்சம் இடைவெளி விட்டு, குப்புறச் சாய்த்துக் கயிற்றால் கட்டினார். மருதாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு ஒலகத்துல மொறத்தைக் கொண்டுபோயி காரு தலையில கட்டுவாங்களா? நாளைக்கு ஒரலை எங்கிட்டு வைக்கப் போறீங்க?" அவர் அவளையே பின்னால் ஏற்றி அறந்தாங்கி வரை போய்வந்தார். இறங்கியதும் முதன்முதலாகப் புருவம் பார்த்தது அவள் புருவத்தைத்தான். துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் பார்க்கப் புருஷன் முகத்தைப் பிடித்துப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சமாக இருக்காது? "சரிதான், விடுங்க. மொறத்தை அவுத்துக் குடுங்க, அரிசி பொடைக்கணும்" என்று வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அடுத்து அறந்தாங்கித் தகரக் கொல்லர் ஞானமணியிடம் போய், "மொறம் மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றார். அங்கேதான் தப்பு நடந்தது. ஞானமணி சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்கிறவர். வளைந்த தகடு ஒன்று போதும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? முறத்தின் விளிம்பு, முறத்தின் மூலை, நடுவில் மூங்கில் பிளாச்சுப் பின்னல் மாதிரிக் கோடு, எல்லாம் அச்சு அசலாக அடித்துக் கறுப்பு வர்ணமும் பூசிக் கொடுத்துவிட்டார். ஒரு மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் அது முறம்தான். கையாலேயே முடுக்கிக் கழற்றும் காது வைத்த திருகாணி கொண்டு ஆண்டியப்பன் அதைக் காரில் மாட்டினார். அன்றிலிருந்து அது 'முறக் கார்' ஆயிற்று. "காத்துள்ளபோதே தூத்திக்க, ஆண்டியப்பா!" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கூவினான். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின் ஆசனத்தில் புழுதி இல்லை. அது போதும் அவருக்கு.

இதற்கிடையில் அறந்தாங்கி கண்ணுசாமியும் தன் வாடகைக் காருக்கு ஓர் அலங்காரம் செய்தார். ஏதோ பத்திரிகையில் சீமைப் பந்தயக் காரின் படத்தைப் பார்த்துவிட்டு, வஞ்சிர மீனின் வால்போலத் தகரத்தில் ஒரு வால் அடித்து, வெள்ளிப் பூச்சுப் பூசிப் பின்னால் பொருத்தினார். அடடா, அந்த வாலுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. வால் வைத்த பிறகு வண்டி பறக்கிறது என்று ஏறாதவர்கள்கூடச் சத்தியம் பண்ணினார்கள். உள்ளபடி அது கடகடவென்று ஆடியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒருநாள் ஆண்டியப்பன் நேரிலேயே கேட்டார்: "அண்ணே, அந்த வாலு எதுக்குண்ணே?" கண்ணுசாமி யோக்கியர். "பாக்குறதுக்குத்தான்" என்றார்.

வால் கார் கல்யாணங்களை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டு போயிற்று. முறக் காரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆளில்லை. காரணம் அழகு மட்டுமல்ல. முறத்தின் காற்று மனிதர்மேல் படக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் சொல்கிற சொல். பட்டால் தரித்திரம், நோய்நொடி. அதிலும் தாலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்மேல் பட்டால் கேட்கவே வேண்டாம். மாடு வாங்கப் போகிறவர்களும் கோர்ட்டுக்குப் போகிறவர்களும்தான் ஆண்டியப்பனுக்கு மிஞ்சினார்கள். பிழைப்பு அதிலும் ஓடத்தான் செய்தது. ஆனால் அவர் மனம் ஓடவில்லை. "கோர்ட்டுக்குப் போறவன் மூஞ்சியில புழுதி இருந்தா ஜட்ஜு கேஸையா தள்ளிடுவாரு? ஒரு ஊரே காத்துக்கிட்டு நிக்கிறது கல்யாணப் பொண்ணு மூஞ்சிக்குத்தானுங்களே. அதுக்குன்னு செஞ்சதை அதுக்கே ஆகாதுன்னா?" என்று கேட்பார்.

ஞானமணி ஒரு யோசனை சொன்னார். "மொறம்னு ஏன் சொல்றீங்க? சீமை பிட்டிங்குன்னு சொல்லுங்க. ஒரு பய வாயைத் தெறக்க மாட்டான்." ஆண்டியப்பன் மறுத்துவிட்டார். மருதாயியின் முறத்தைப் பார்த்து அடித்ததை முறம் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. பிழைக்கத் தெரியாத மனிதர்!

இப்படி இருக்கையில் கடைத்தெருக் குழந்தைசாமியின் மகள் பிரகதாம்பாளுக்கு அன்னவாசலில் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த வீட்டில் குழந்தைசாமி தலையாட்டுகிறவர். பேசுகிறவள் அவருடைய அக்காள் பிச்சையம்மாள். தாயில்லாத அந்தப் பெண்ணை வளர்த்தவளும் அவள்தான். கண்ணுசாமியின் வால் கார் அந்த முகூர்த்தத்துக்கு வேறிடத்தில் பேசியாகிவிட்டதால், வேறு வழியில்லாமல் புளியமரத்தடிக்கு வந்தாள். வந்தவள் முறத்தைப் பார்த்ததும் நாலடி தள்ளியே நின்றாள்.

"இதைக் கழட்டிட்டு வாரதானா வா. இல்லேன்னா மாட்டுவண்டி இருக்கு."

"ஆச்சி, காத்து உள்ள வரவே வராதுங்க. மேல போறதைப் பின்னால தள்ளுது, அம்புட்டுத்தான்."

"மொறத்துக்கு முன்னாடி ஒக்காந்தா என்ன, பின்னாடி ஒக்காந்தா என்ன? மொறம் மொறந்தான்."

"நம்ம ஊருச் சாமிக்கே உருவம் கெடையாது. வெறும் எடத்தைத்தானே கும்புடுறோம்? காருக்கு மட்டும் உருவம் பாக்கணுங்களா?"

"சாமிக்கு உருவம் இல்லாட்டிப் போகுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கண்ணு இருக்குப்பா" என்றாள் பிச்சையம்மாள். "பொண்ணு வார காரு லச்சணமா இருக்கணும். இந்தக் கலியாணம் நல்லபடியா நடந்துச்சுன்னா எங்க சொந்தம் பூராவும் ஒன் காருதான். இல்லேன்னா, இதுதான் ஒனக்குக் கடைசிக் கலியாணம்."

ஆண்டியப்பன் பணிந்தார். பணியாமல் என்ன செய்வது? ஞானமணியிடம் போய், லட்சணமாக ஏதாவது செய்யச் சொன்னார். இந்தத் தடவை ஞானமணி கைவரிசையைக் காட்டிவிட்டார். சாமிக்குப் பின்னால் நிற்குமே திருவாசி, அதைப் போலத் தகரத்தில் வளைத்து, இரண்டு பக்கமும் யாளி, உச்சியில் ஒரு முகம், நடுவெல்லாம் பூவேலைத் துளைகள், மேலே தங்க வர்ணம். முறம் இருந்த இடத்தில் அதை நிறுத்தியதும் கார் உற்சவர் வாகனம்போல் ஆகிவிட்டது. கடைத்தெருவே எழுந்து வந்து பார்த்தது. பிச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்டியப்பன் மட்டும் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சல்லடையால் காற்றைத் தள்ள முடியுமா? கழற்றிய முறத்தைச் சாக்கில் சுற்றிக் காரின் புட்போர்டில் கட்டிக்கொண்டார்.

வைகாசி மாதம், வறண்ட பாதை. வீட்டார் எல்லாரும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். நல்ல நேரம் பார்த்துப் பெண்ணும் அத்தையும் மட்டும் காரில் கிளம்பினார்கள். ஊர் தாண்டியதும் திருவாசி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. துளைகளில் காற்றுப் புகுந்து ஊய் ஊய் என்று ஊளையிட்டது. புழுதி முன்பு எப்போதும் இல்லாதபடி உள்ளே புரண்டது. பிச்சையம்மாள் பெண்ணின் முகத்தைத் தன் முந்தானையால் மூடினாள். மூடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டியது, எடுத்தால் தும்மல் வந்தது. அறந்தாங்கி தாண்டி ஓர் ஊருணிக் கரையில் ஆண்டியப்பன் வண்டியை நிறுத்தியபோது இருவரும் மாவில் புரட்டி எடுத்தமாதிரி இருந்தார்கள்.

பிரகதாம்பாள் ஊருணியில் முகம் கழுவினாள். மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. ஆண்டியப்பன் கொடுத்த கைக்கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவள், "அத்தே, நான் வரலே. இந்த மூஞ்சியோட அங்க போயி நிக்க மாட்டேன்" என்று விம்மினாள். பிச்சையம்மாள் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மை இன்னும் பரந்தது.

"ஏப்பா, இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"தூரம் கெடக்கட்டும், ஆச்சி. இம்புட்டு நேரம் வந்தது வெள்ளைப் புழுதி. இனிமேதான் செம்மண்ணு."

சொல்லிவிட்டு அவர் புட்போர்டில் இருந்த சாக்கை அவிழ்த்தார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் பிச்சையம்மாளின் முகம் மாறியது.

"மொறந்தாங்க" என்றார் ஆண்டியப்பன். "வேற பேரு சொல்லி ஒங்களை ஏமாத்த மாட்டேன். இதை மாட்டுனா புள்ளை கழுவுன மூஞ்சியோட போயி எறங்கும். ஊர் எல்லைக்கு முன்னாடி கழட்டிடுறேன், யாரும் பாக்க மாட்டாங்க. வேணாம்னா இப்பவே கட்டி வச்சிடுறேன்."

பிச்சையம்மாள் முறத்தைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள். "இவ ஆத்தா சாகுறப்ப எங்கையில புடிச்சுக் குடுத்துட்டுப் போன புள்ளைப்பா. நாளைக்கு இவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் எம் மனசு இந்த மொறத்தைத்தானே நெனைக்கும்? நான் என்ன செய்வேன்?"

காற்று எங்கே போகும் என்று ஆண்டியப்பன் சொல்வார். விதி எங்கே போகும் என்று அவரால் சொல்ல முடியுமா? முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிச்சையம்மாள் பெண்ணை மறுபடி ஊருணிக்குக் கூட்டிப்போய், மை போகத் தேய்த்து முகம் கழுவிவிட்டுக் காரில் ஏறினாள். பெண்ணை இழுத்துத் தன் மடியில் சாய்த்து, கண்களைக் கையால் பொத்தினாள். தன் கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். "நாங்க எதையும் பாக்கலே" என்றாள்.

திருவாசியைக் கழற்றி வைத்துவிட்டு, முறத்தை மாட்டித் திருகாணிகளை முடுக்கினார் ஆண்டியப்பன். செம்மண் பாதையில் வண்டி போயிற்று. பின்னால் புழுதி கோட்டைச் சுவர்போல எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. உள்ளே ஊளைச் சத்தம் இல்லை, தும்மல் இல்லை. வெகுதூரம் போன பிறகு பிச்சையம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறு கண்ணையும் திறந்தாள். சித்தன்னவாசல் பாறை தெரிந்ததும் வண்டி மறுபடி நின்றது. முறம் சாக்குக்குள் போயிற்று, திருவாசி ஏறியது. ஊர் எல்லை வரை மிச்சமிருந்த தூரத்தைப் புழுதி கிளம்பாமல் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

எல்லையில் மேளத்தோடு காத்திருந்தவர்கள் காரைப் பார்த்து வாய் பிளந்தார்கள். பெண் இறங்கினாள். செம்மண் பாதையில் வந்தவள் என்று யார் சொன்னாலும் நம்ப முடியாத முகம். மாப்பிள்ளையின் பெரியப்பா திருவாசியைத் தட்டிப் பார்த்து, "அதானே பாத்தேன்! இந்தத் திருவாசிதானே புழுதியைத் தடுக்குது?" என்றார்.

"இல்லீங்க. அது சும்மா பாக்குறதுக்குத்தான்" என்றார் ஆண்டியப்பன்.

"பாத்தீங்களா, எம்புட்டு அடக்கம்!" என்று பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அங்கேயே இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் திருவாசிக் காரையே பேசிவிட்டார்கள். ஆண்டியப்பன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

பெண்ணுக்கு ஆலத்தி சுற்றிப் பொட்டு வைத்தார்கள். கூட்டம் அவளை நடுவில் விட்டுக்கொண்டு ஊருக்குள் நகர்ந்தது. ஆலத்தி நீரைக் கொட்டப் போனவளை நிறுத்தித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள் பிச்சையம்மாள். காரின் பக்கம் வந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, சிவந்த நீரில் விரலைத் தொட்டு, புட்போர்டில் கட்டியிருந்த சாக்கின்மேல் ஒரு பொட்டு வைத்தாள். ஆண்டியப்பனை நிமிர்ந்து பார்க்காமலே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

ஆண்டியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் காரைத் துடைக்க ஆரம்பித்தார். மட்கார்டைத் துடைத்தார், விளக்கைத் துடைத்தார், திருவாசியின் யாளிகளையும் துடைத்தார். சாக்கின் அருகே வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, அந்தப் பொட்டு காயும்வரை வாயால் மெல்ல ஊதினார்.